பூக்கட்டிய ஹெரால்டு

தம்பி கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் இன்னும் பல்லடத்தையே தாண்டவில்லை. வெள்ளகோவிலில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். அதற்கு முன்னால் இணைச்சீர். மாப்பிள்ளையின் பக்கத்தில் உடன்பிறந்தவள் நின்று செய்யும் அந்தச் சீர் முடியாமல் எங்கள் பக்கம் தாலி ஏறாது. அவனுக்கு நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரரின் ஹெரால்டு காரில் போய்க்கொண்டிருந்தோம். அதைச் செய்த கம்பெனியை மூடிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அவருக்குப் பெருமை. குறுகலான சந்தில் ஒரே வெட்டில் திரும்பும். பேனட்டோடு மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும்; என்ஜின் முழுதும் கைக்கு எட்டும்.

திடீரென்று ஆவி கிளம்பிக் கார் நின்றது. ரோட்டோர டீக்கடைக்காரர் ஓடிவந்து முன்பக்கக் கம்பியைப் பிடித்து இழுத்தார்.

"அங்க தொறக்காதுங்க. கண்ணாடிப் பக்கம் இருந்து தூக்கோணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பொடனியில வாயுங்களா இதுக்கு?" என்று டீக்கடைக்காரர் தன் பின்கழுத்தைத் தட்டிக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்காகக் காருக்குப் பூக்கட்டிய பூக்காரர், முன்பக்கம் திறக்கும் அம்பாசடருக்குக் கட்டுவதுபோல முன்பக்கத்தை விட்டுவிட்டு, கண்ணாடியை ஒட்டிப் பூச்சரத்தைப் போட்டு, காரின் அடியில் நைலான் கயிறு கொடுத்து இறுக்கியிருந்தார். எங்களுக்குத் தூக்க வேண்டிய இடமே அதுதான்.

"நானும் பாத்தேன். தோணலை" என்றார் இவர், முடிச்சோடு போராடிக்கொண்டே.

பின் சீட்டிலிருந்து மாமியார் சத்தம் போட்டார். "அறுத்துப் போடாதடா! கல்யாணப் பூவ நடுரோட்டுல அறுத்தா மாப்பிள்ளப் பையனுக்கு ஆகுமா?"

இவர் கையை எடுத்துவிட்டார். மணி ஏழேகால். அதுவரை நான் மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. டீக்கடைக்காரரிடம் கத்தியை வாங்கினேன்.

"நானே அறுக்கறேனுங்க அத்தை. வர்றது எனக்கு வரட்டும்."

கயிறு இரண்டு இழுப்பில் அறுந்தது. சாமந்தி தார் ரோட்டில் சிதறியது. உள்ளே தண்ணீர்க் குழாய் கழன்றிருந்தது. சூடு தணியக் காத்திருந்து, குழாயைச் செருகிக் கம்பி சுற்றி, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம்.

மண்டபத்தில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "ஓடு அம்மணி" என்றாள். ஓடினேன். சீர் முடிந்தது, தாலி ஏறியது.

இத்தனை வருஷமாகத் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். ஆனாலும் அவன் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால்கூட, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்பதற்குள் தார் ரோட்டில் சிதறிய அந்தச் சாமந்தி கண்முன் வந்துவிடுகிறது.