பிறகு பாப்பம்

உட்துறைமுக வீதியில் இருந்த அந்த ஒலிப்பதிவு அறைக்கு, ஒரு கடை விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கப் போயிருந்தேன். பதிவு செய்பவர் மெலிந்த மனிதர். கழுத்தில் பஞ்சு பிய்ந்த ஹெட்போன். எனக்காகக் கதிரையின் தூசியைத் தட்டிவிட்டார்.

நான் பேசிக்கொண்டிருக்கையில் கப்பல் ஊதியது. அந்தச் சத்தத்தை நீக்க, கணினியில் பிளகின் என்ற ஒரு துணை மென்பொருளைத் திறந்தார். எறும்பளவு எழுத்து, மவுஸால் பிடித்துத் திருகப் போனால் வழுக்கி ஓடும் குமிழ்கள். போதாததற்கு, புதிய பதிப்பை இப்போது ஏற்றவா என்று கேட்டு ஒரு பெட்டி திரையை மறைத்தது.

“இப்ப வேண்டாம், பிறகு பாப்பம்” என்று அதற்கு வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் மூடினார். பிளகினைத் திறந்த ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணை, இந்தக் கேள்வி வராமல் நிப்பாட்டலாம். காட்டட்டோ?”

“ஓம் தம்பி, எனக்கும் தெரியும். நான்தான் நிப்பாட்டேல்லை.”

“ஏன்?”

“இந்த அறையில என்னட்டை ஏதும் கேக்கிறது அது ஒண்டுதான்.”

சிரித்தபடிதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இப்போது என் கணினியில் அப்படியொரு பெட்டி வந்தால், உடனே மூடக் கை வருவதில்லை. இன்றைக்கு அவரிடமும் கேட்டிருக்குமா என்று யோசிக்கிறேன்.