சித்தப்பாவின் பழைய புல்

என் சித்தப்பா இருபது வருடம் ஒரு கால்பந்து மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொண்டார். நான் அங்கே களை பறித்தேன். மெல்லிசான அந்தப் புல்லை அவர் பிள்ளை மாதிரி வளர்த்தார். காலையில் நீளக் கயிற்றை ஆளுக்கொரு முனையில் பிடித்து, புல்லின்மேல் இழுத்துக்கொண்டே நடந்து பனியை உதிர்ப்போம். ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும் என்பார்.

ஒரு வருடம் அப்படியும் பிடித்துவிட்டது. புல் வட்டவட்டமாகக் காய்ந்தது. மூன்று முறை மருந்தடித்தும் திரும்பத் திரும்ப வந்தது. இனிமேல் பிளாஸ்டிக் புல்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படியானால் சித்தப்பாவுக்கு அங்கே வேலையில்லை.

கோல் கம்பத்தருகே சோதனைக்கு விதைத்த புதுரகம் மட்டும் பச்சையாக இருப்பதைக் கவனித்தேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாளாயிற்று.

“சித்தப்பா, அந்தப் புல்லுக்கு ஒண்ணும் ஆகல.”

“அடேங்கப்பா, நீ வாயத் திறந்துட்டியா! அது புல்லாம்மா? தொடப்பம்!”

சொன்னாரே தவிர, மறுநாள் அங்கே மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மருந்தடித்து நோயை அடக்கி, மைதானம் முழுக்கத் தன் கையாலேயே அந்த விதையைத் தூவினார். அது நோயில்லாமல் வளர்ந்ததும் மேனேஜர் பிளாஸ்டிக் பேச்சை விட்டார்; வேலை தப்பியது.

பழைய புல்லில் ஒரு பாய் அகலத்தை மட்டும் பெயர்த்து, சாமான் அறைக்குப் பின்னால் நட்டுக்கொண்டார். புதுப்புல்லில் செருப்போடு நடப்பவர், அங்கே மட்டும் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார்.