மூன்று விரல் பரீட்சை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மாத்தளையில் கண் வைத்தியராக இருக்கிற இத்தனை வருடங்களில் அதைக் குறைக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. என் நோயாளிகள்தான் அதற்குப் பழகிக்கொண்டார்கள்.

கண்ணில் சதை வளர்ந்த வயல்காரர் கலேவெலயிலிருந்து வருவார். சீனி வியாதியில் பார்வை மங்கிய ஆசிரியை வஹகோட்டையிலிருந்து வருவார். மிளகுத் தூசியில் கண் சிவந்து தோட்டத்து ஆட்கள் வருவார்கள். எல்லாருக்கும் வெளியில் உட்கார ஒரே நீள வாங்கு, உள்ளே ஒரே சுவர் அட்டை. அட்டையில் மூன்று கால் உள்ள ஓர் எழுத்து வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே போகும். கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று மூன்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும்.

எங்கள் சனத்துக்கு இது பரீட்சை. பெயிலாகக் கூடாது. வாசல் திறந்தே கிடப்பதால் வாங்கில் இருப்பவர்கள் உள்ளே நடப்பதைப் பார்த்துப் பாடமாக்கிவிடுவார்கள். யாராவது தடுமாறினால், "கீழ, கீழ" என்று வெளியிலிருந்து உதவியும் வரும்.

அப்படித்தான் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் வந்தார். ஐம்பது தாண்டியவர். லைசனைப் புதுப்பிக்க என் கடிதம் வேண்டும். காலையிலிருந்து வாங்கில் இருந்திருக்கிறார். எழுத்தைத் தொட்டுக் காட்டும் குச்சியை நான் எடுக்கும் முன்பே அவருடைய விரல்கள் மேலே போய்விட்டன. சந்தேகம் வந்து, வரியின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கித் தொட்டேன். விரல்கள் பழைய ஒழுங்கிலேயே ஆடின. டோர்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் வெண்புரை.

"ஆரைப் பேய்க்காட்டப் பாக்கிறீங்கள்? வேனுக்குள்ள இருக்கிறது பிள்ளையளோ, மரக்கறி மூட்டையோ?" என்று கத்தினேன்.

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "வேன் நின்னா மேல் டிவிசன் புள்ளைங்க நடந்துதாங்க போகணும், டொக்டர். பாதிப் பேரு ஸ்கூலுக்கே போகாம நின்னுருவாங்க. எனக்கும் வேற தொழில் தெரியாதுங்க."

எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனாலும் குரல் இறங்கவில்லை. "ஒபரேசன் செய்தால் பார்வை வரும். அதுவரைக்கும் சாவியைத் தொடப்படாது" என்றேன். மச்சான் ஓட்டுவார் என்று ஒப்புக்கொண்டார். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மற்றது. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது ஒன்றேதான். "ஓட்டலாங்களா, டொக்டர்?" நானும் பொறுங்கோ, பொறுங்கோ என்றே சொல்லி அனுப்பினேன்.

கடைசிப் பரிசோதனை நாளில் வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி வந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு நேராகக் கடைசி வரியைத் தொட்டேன். என் வாங்கில் இருந்த ஒருவரும் அந்த வரிவரை வந்ததில்லை. அதைப் பாடமாக்க வழியே இல்லை. அவரைவிட எனக்குத்தான் படபடப்பு.

அவர் அவசரப்படவில்லை. வலம், கீழ், இடம், மேல் என்று விரல்கள் நிதானமாகத் திரும்பின. ஒன்றுகூடப் பிழையில்லை. சந்தோஷத்தில் எனக்கே கண் கலங்கியது. அவரோ இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டைக்குக் கீழ பொடி எழுத்துல ஒண்ணு எழுதியிருக்குங்களே, டொக்டர்."

"என்ன எழுதியிருக்கு?"

"இங்கு சத்தமாகப் பேச வேண்டாம்னு. அன்னைக்கு என்னைய அந்த ஏச்சு ஏசுனீங்களே."

வாய்க்கு வந்ததை அடக்கிக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.