நேர்ந்த பிள்ளையும் நேராத பிள்ளையும்

சாந்தோம் குப்பத்தில் எங்கள் வீட்டில் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்ட பிள்ளை என் அண்ணன்தான். அவன் அம்மா வயிற்றில் இருந்தபோது, புயலில் சிக்கிய நைனாவின் கட்டுமரம் கரை திரும்பவில்லை. "என் புருசன் உசுரோட வரட்டும். பொறக்கறது ஆம்பளயா இருந்தா சாமியாராக்கிடறேன்" என்று அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நைனாவும் வந்தார், அண்ணனும் பிறந்தான். எனக்கு எந்த நேர்த்தியும் கிடையாது. மாமன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு; அதோடு என் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சாமியார் படிப்புக்காக அண்ணனைக் குருமடத்தில் சேர்த்தார்கள். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. "சாம்பாரும் லத்தீனும் எனக்கு எறங்கல" என்று வீட்டு வாசலில் வந்து நின்றான். பாவம், மீன் இல்லாமல் ஒரு கவளம் சாப்பிடாதவன். அம்மா அவனோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அவன் பாட்டுக்கு நைனாவோடு கடலுக்குப் போனான்.

அந்தக் கோடையில் குப்பத்தில் வைசூரி வந்தது. சொந்தக்காரர்களே எட்டிப் பார்க்காத குடிசைகளுக்குள் இரண்டு கன்னியாஸ்திரிகள் சர்வசாதாரணமாக நுழைந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போயிருந்ததால் பயமில்லை. அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தேன். பிறகு நோயாளிகளுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஒரு கிழவர் கண்ணைத் திறந்து, இன்னொரு வாய் கேட்டார். ஊட்டும்போதே, சாகும்வரை இதைத்தான் செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. பசித்து வந்து வயிறார உண்டது போல ஒரு நிறைவு, அவ்வளவுதான்.

கன்னியர் மடத்துக்குப் போகிறேன் என்றதும் அம்மா மீன்கூடையைத் தொப்பென்று இறக்கினாள்.

"நேந்துக்கினது அவன! நீ இன்னாத்துக்கு நடுவுல வர்ற? உன் மாமனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

எங்கள் இருவரையும் மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அண்ணனைத் திரும்பக் குருமடத்துக்கு அனுப்ப வேண்டும், என்னைத் தடுக்க வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "குருமடத்துக்கு ஏம்பா போன?"

"அம்மா அனுப்பிச்சாங்க சாமி, போனேன்."

"நீ ஏம்மா மடத்துக்குப் போகணும்கற?"

"யாரும் அனுப்பல சாமி. போவாம இருக்க முடில" என்றேன். மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். மந்தைவெளியில் மீன் விற்கும்போது இவ்வளவு சீக்கிரம் பேரத்தை விட்டு நகர்ந்தவள் கிடையாது.

திரும்பும் வழியில் மணலில் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தவள், சட்டென்று நின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அண்ணனிடம் பேசினாள்.

"நீ நைனாவோட கடலுக்குப் போய்க்கினு இரு. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. குரலில் மட்டும் விலை சொல்கிற அதே கறார்.

"நான் அனுப்பிச்சவன் திரும்பி வந்துட்டான். நீ ஆண்டவரே கூப்ட்டுப் போறவ. திரும்பி வந்தீன்னா வாசப்படி ஏத்த மாட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.