ஒயர் இல்லாத இஸ்திரிப் பெட்டியோடு ஊர் ஊராக

அடுத்தவர் வீட்டுத் துணியைத் தேய்த்துக் காட்டிப் பிழைக்கும் எங்கள் தொழிலில் ஒன்று மட்டும் நிச்சயம்: எவ்வளவு அழகாகத் தேய்த்துக் காட்டினாலும் யாரும் கை தட்ட மாட்டார்கள், "அப்படியே மிச்சத்தையும் தேய்ச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்பார்கள்.

தஞ்சாவூரில் ஒரு வீட்டுச் சாமான் கடையில் எனக்கு வேலை. மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி என்று எதை வாங்கினாலும், வாங்கியவர் வீட்டுக்கு ஸ்கூட்டியில் போய், அதை எப்படி உபயோகிப்பது என்று செய்து காட்ட வேண்டும். கடையில் இதற்கு டெமோ என்று பெயர். நான் டெமோ மாலா. ஊர் சுற்றலாம், வயல் காற்று வாங்கலாம், வீட்டுக்கு வீடு காபி கிடைக்கும். இதைவிடப் பிடித்த வேலை எனக்கு இந்த உலகத்தில் இல்லை. ஆனால் விற்ற பிறகு வாங்கியவர் ஃபோனில் கூப்பிட்டால் எடுக்கவே பயம். உங்களுக்கும் அந்தப் பயம் உண்டென்றால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

முதலாளி வைத்த பரீட்சை

போன வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் மச்சினர் பேச்சைக் கேட்டு, எங்கள் முதலாளி ஒயர் இல்லாத ஆவி இஸ்திரிப் பெட்டிகளை வேன் நிறைய வாங்கிப் போட்டார். சங்கதி ரொம்ப சுலபம். ஒயர் ஸ்டாண்டில் இருக்கும். பெட்டியை ஸ்டாண்டின் மேல் வைத்தால் சூடாகும். எடுத்துத் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கும், மறுபடி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். பெட்டியின் தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் ஆவி வரும். இதைத் தஞ்சாவூர் சீமைக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத்தான் தலையில் ஆவி வந்தது.

வாங்கியவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முதலாளியால் மச்சினரைத் திட்ட முடியாது, அவர் மனைவியின் தம்பி. திட்டுவதற்கு லாயக்கான ஆள் நான் ஒருத்திதான் பாக்கி. ஒரு பெட்டியைச் சொந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். முதலாளியம்மா எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர். அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சாமான்களை வைத்தே இன்னொரு கடை திறக்கலாம். இந்த டெமோ வேலை போனால் நான் போக வேண்டிய இடம் கடையின் மாடிக் குடோன். தகரக் கூரை, ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க பொண்ணு நிச்சயதார்த்தம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள எங்க வீட்டுப் பெட்டி கடைக்குத் திரும்பி வந்துச்சுன்னா, ஸ்கூட்டி சாவியை வெச்சுட்டு மாடிக்குப் போய் குக்கர் மூடி எண்ணும்மா."

ஏமாற்றிய ஸ்டாண்டு

அன்றைக்கு மதியமே திருவையாற்றிலிருந்து ஃபோன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர். குரலிலேயே பிரம்பு இருந்தது. உடனே வர வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கடையில் கொண்டுவந்து போட்டுவிடுவாராம். கடைக்கா? வேண்டவே வேண்டாம் சாமி என்று ஸ்கூட்டியை முறுக்கினேன். பாலத்தைத் தாண்டும்போது காவிரி நிறையத் தண்ணீர் போனது. வழக்கமாக ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன். அன்று அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சார் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். பெட்டி ஒரு நாற்காலியில், ஸ்டாண்டு ஒரு நாற்காலியில், அட்டைப் பெட்டி ஒரு நாற்காலியில். எனக்குத்தான் நாற்காலி இல்லை. ஸ்டாண்டிலிருந்து தொங்கிய ஒயரை இரண்டு விரலால் பாம்பைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார். நான் ஒயரைச் செருகி, பெட்டியை மேலே வைத்துச் சூடாக்கி, அவருடைய சட்டையை இழுத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு தேய்த்துக் காட்டினேன். சட்டை பளபளவென்று ஆனது. அவர் முகம் ஆகவில்லை. சட்டையை மடித்து வாங்கிக்கொண்டு, பெட்டியையும் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்: "பெட்டி நல்ல பெட்டிதாம்மா, ஆனா ஒயர் இல்லைன்னு சொல்லி ஒயர் உள்ள ஸ்டாண்டைத் தலையில கட்டுனது தப்பு."

கல்யாண வேனில் ஒரு பெட்டி

திருவாரூர் பக்கம் குறுவை சாகுபடி செய்யும் ஓர் அண்ணன். என்னுடைய டெமோவை அசையாமல் பார்த்தார், சந்தேகமே கேட்கவில்லை. சந்தேகம் கேட்காத கஸ்டமரைக் கண்டால் ஓடிவிட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மறு வாரம் அவருக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலையிலேயே பெட்டியை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். வந்தவர் பெட்டியை மட்டும் எடுத்துத் துண்டில் சுற்றி, வேனில் ஏறிவிட்டார். வேனில் இருந்த அத்தனை பேரிடமும், "சட்டை கசங்குனா கவலைப்படாதீங்க, நம்மகிட்ட ஒயர் இல்லாத பெட்டி இருக்கு" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

மண்டபத்தில் இறங்கியதும் கசங்கிய சட்டைகள் வரிசையில் நின்றன. பெட்டியோ பச்சைத் தண்ணீரைச் சட்டை மேல் கொட்டியது. மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குச் சட்டை முதுகெல்லாம் ஈரம். அண்ணன் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. பெட்டிக்குள் பேட்டரி கிடையாது, ஸ்டாண்டு இருந்தால்தான் சூடு என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பிறகு அவர் கோபமே இல்லாமல், மனசு விட்டுச் சொன்னார்: "காலையிலேருந்து சார்ஜ் போட்டேன் தங்கச்சி, செல்ஃபோனா இருந்தா ரெண்டு நாள் நின்னுருக்கும்."

சோறு வடித்த பெட்டி

இது நம்ம ஊரைத் தவிர வேறெங்கும் நடக்காது. தஞ்சாவூரிலேயே ஒரு வீடு. வீட்டுக்காரர் கட்சிக்காரர், வெள்ளை வேட்டி அட்டை மாதிரி நிற்க வேண்டும். அவருடைய மனைவிக்குத் தினமும் வேட்டியைக் கஞ்சியில் போடுவது, காயவைப்பது, தண்ணீர் தெளிப்பது, தேய்ப்பது என்று நாலு வேலை. நான் டெமோவில், "தொட்டியில நல்ல தண்ணியா ஊத்துங்க, அதுதான் ஆவியா துணியில இறங்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்த அம்மா யோசித்திருக்கிறார். தண்ணீர் இறங்கும் என்றால் கஞ்சியும் இறங்கும்தானே? இறங்கினால் நாலு வேலை ஒரே வேலையாகிவிடும்தானே? பொன்னிப் பச்சரிசி வடித்த கஞ்சியைச் சுடச்சுடத் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெரு முனையிலேயே அடிப்பிடித்த சோற்று வாசனை. பெட்டி இருமியது. ஒரு துளையில் ஒரு பருக்கை எட்டிப் பார்த்தது. வேட்டியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. அவர் அதை உடுத்திக்கொண்டு மேடை ஏறியிருந்தால் ஈ மொய்த்திருக்கும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கடைக்குப் போனால் குடோன்தான் என்பதால், பெட்டியை ரகசியமாக என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஆவியாக விட்டு விட்டு, சாயங்காலம் முழுக்கக் கழுவினேன். வீடு முழுக்கப் பழைய சோற்று மணம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், மூக்கை உறிஞ்சினார், சட்டையைக்கூட மாற்றாமல் கேட்டார்: "ஊறுகா எடுத்து வெச்சுட்டியா?"

கூத்தாநல்லூரில் கிடைத்த பாடம்

கூத்தாநல்லூரில் ஃபாத்திமா அக்கா என்று ஒருவர். இரண்டு மகன்களும் வெளிநாட்டில். மூத்த மகன் லீவு முடிந்து கிளம்புவதால் சட்டைகள் குவிந்து கிடந்தன. மிச்சத்தையும் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார் என்று நான் கையை மடக்கித் தயாரானேன். அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சட்டையின் ஒரு கையைத் தேய்த்தார். சூடு இறங்கியது, ஸ்டாண்டில் வைத்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் டீ குடித்தார். எழுந்தார், காலரைத் தேய்த்தார், வைத்தார், உட்கார்ந்தார், இன்னொரு வாய்.

எனக்குப் பதறியது. பெட்டி இப்படி அடிக்கடி ஸ்டாண்டுக்குப் போவதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். "கொஞ்சம் லேட்டாகும் அக்கா, போகப் போகப் பழகிடும்" என்று இழுத்தேன். அக்கா டீ டம்ளரை வைத்தார். விடிந்ததிலிருந்து அவர் நின்றுகொண்டே இருந்திருக்கிறார் என்பது வீங்கிய காலைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னதைக் கேட்டு நான் அதுவரை பேசிய டெமோவையே மாற்றிக்கொண்டேன்: "இந்த வீட்டுல என்னைக் கொஞ்சம் உட்காருன்னு சொன்ன மொத சாமான் இதுதான்மா, இதையா குறைன்னு சொல்ற?"

நிச்சயதார்த்தத்தில் தீர்ப்பு

அதற்குப் பிறகு போகிற வீட்டிலெல்லாம் பெட்டி சூடாகும்வரை ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னேன், பெட்டி திரும்பி வருவது குறைந்தது. ஆனால் முதலாளியம்மாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நிச்சயதார்த்தத்தன்று காலையில் அவரிடமிருந்து ஃபோன்: "மாலா, உடனே வீட்டுக்கு வா. உன் பெட்டியைப் பத்திப் பேசணும்." போச்சு. ஸ்கூட்டியை அவர்கள் வாசலில் நிறுத்தியபோது, இனி இதில் உட்கார மாட்டோம் என்று அதன் சீட்டைத் தடவிக் கொடுத்தேன். உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனால் தேய்க்கிற மேஜையில் பெட்டியைக் காணோம், ஸ்டாண்டையும் காணோம். கொல்லைப்புறத்திலிருந்து பச்சை வாசனை வந்தது. போய்ப் பார்த்தேன். சமையல்காரர் மணி அண்ணன், எதிரே ஆள் உயரத்துக்கு வாழையிலை. மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகும்போது வழிக்குக் கட்டுச்சாதம் கொடுக்க வேண்டும். புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலம் கட்ட இலையை வாட்டியாக வேண்டும், வாட்டாத இலை மடித்தால் கிழிந்துவிடும். அடுப்புகளிலோ பாயசமும் வடையும் சாம்பாரும் இடம் பிடித்திருந்தன. மணி அண்ணன் என்ன செய்தார்? பெட்டியின் அடிப்பாகத்தை நன்றாகத் துடைத்து, சூட்டைக் குறைத்து வைத்து, இலை மேல் சர்ரென்று ஓர் இழுப்பு. இலை கரும்பச்சையாகித் துணி மாதிரி படிந்தது. பெட்டி ஸ்டாண்டுக்கு, அடுத்த இலை பலகைக்கு. மறுபடி ஓர் இழுப்பு. ஒயர் தட்டவில்லை, இலை கிழியவில்லை.

"அண்ணே, அது துணிக்கு!" என்று நான் அலறினேன். அலறலுக்கு முதலாளி பட்டு வேட்டியோடு ஓடி வந்தார். பார்த்தார். என்னைப் பார்த்தார். "டெமோவுல இதைத்தான் சொல்லிக் குடுத்தியா?" என்றார். அதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டார். நான் ஸ்கூட்டி சாவியை நீட்டத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் வாட்டிய இலை ஒன்றை எடுத்தார், இப்படி மடித்தார், அப்படி மடித்தார், விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். எங்கும் கீறல் இல்லை. "என் பெட்டியை மணி கேட்டாரு, குடுத்துட்டேன். அது கடைக்குத் திரும்பி வராது" என்றார். "ஃபோன் பண்ணது அதுக்குத்தான். எனக்குத் துணிக்கு இன்னொண்ணு கொண்டா. மணிக்குத் தெரிஞ்ச சமையல்காரங்களுக்கும் வேணுமாம்."

எனக்கு அந்த இடத்திலேயே இலைக்கட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடலாம் போல இருந்தது. முதலாளி மட்டும் விடாமல், "அப்ப குடோன்ல குக்கர் மூடி எண்றதுக்கு ஆள்?" என்று இழுத்தார். முதலாளியம்மா இலையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "என் தம்பி சும்மாதானே இருக்கான், அவனைப் போய் எண்ணச் சொல்லுங்க."

இப்போது நான் கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாக ஸ்கூட்டியில் வாழையிலைக் கட்டோடு போய் டெமோ காட்டுகிறேன், எல்லாச் சமையல்காரர்களும் அசந்து போய்ப் பார்த்துவிட்டு, "அப்படியே மிச்ச இலையையும் தேய்ச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க" என்கிறார்கள்.