வெள்ளையடித்த பிறகு வந்த சர்வேயர்

செல்லையா அண்ணாச்சியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தாராவியில் தன் வீட்டுக்குள்ளேயே மச்சு ஏணியின் உச்சிப் படியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வாங்கி அதிக நாள் ஆகாத ஃப்ரிட்ஜ், குளத்து எருமை மாதிரி ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது. நான் வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெயில் காலத்தில் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள், மழைக்காலத்தில் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்து இழுப்பார்கள்; இந்தத் தொழிலின் சீசன் அப்படி. அன்றைக்கு லோக்கல் ரயில் பாதியில் நின்றுபோய், சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்த என்னை அண்ணாச்சி மேலேயிருந்து பார்த்துவிட்டார்.

பாலிசியை பிளாஸ்டிக் பையில் சுற்றி பனியனுக்குள் செருகியிருந்தார். அதைத் தட்டிக் காட்டி, "என்னவே ஏசண்டு, இது வெள்ளமா, வெறும் தண்ணி தேங்குனதா? எதுன்னு எழுதுவீரு?" என்றார். "ரெண்டும் பாலிசில இருக்கு அண்ணாச்சி. வெளியிலேர்ந்து தண்ணி உள்ள வந்தாலும் சரி, மழைத்தண்ணி வடியாம தேங்கினாலும் சரி, வீட்டுச் சாமானுக்கு உண்டு" என்றேன். மச்சுக்குள்ளிருந்து அவர் மனைவி பாக்கியம் அக்கா, "நீங்க வாய மூடிக்கிட்டு மேல வாரீயளா?" என்று கத்தினாள். அண்ணாச்சிக்கு அது காதிலேயே விழவில்லை. "அப்பஞ் சரி. இன்னுங் கொஞ்சம் ஏறட்டும்வே, மிக்சி மட்டுந்தான் இன்னும் நனையல!"

பதினோராம் மாடி

தண்ணீர் வடிந்த மறுநாள் விடியற்காலையில் அண்ணாச்சி போய்விட்டார். மாரடைப்பு. சேறு காயாத வீட்டிலிருந்துதான் அவரை எடுத்தார்கள். அண்ணாச்சிக்குச் செய்கிற கடைசி மரியாதையாக நினைத்துக்கொண்டு நான் கம்பெனிக்கு போன் போட்டு கிளைமைப் பதிந்துவிட்டேன்.

பாலிசி அண்ணாச்சி, அக்கா இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. அதில் சிக்கல் இல்லை. சிக்கல் மகன் முருகன். நல்ல பையன், விக்ரோலியில் பதினோராம் மாடியில் இருக்கிறான். "இங்க உக்காரக்கூட ஒரு சாமான் இல்லம்மா, என்கூட வந்துரு" என்று பையைக் கட்டத் தொடங்கிவிட்டான். அக்கா அந்த வீட்டிலிருந்து இட்லி மாவு விற்றுத்தான் அவனையே படிக்கவைத்தாள். கிளைம் வந்தால் சாமான் வாங்கிப் போட்டுக்கொண்டு தாராவியிலேயே இருப்பாள். வராவிட்டால் விக்ரோலி. என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவள் சொன்னது இது: "லிப்டுல ஏறுனாலே எனக்குக் கிறுகிறுன்னு வரும் தம்பி. எப்படியாவது அந்த சாமான் துட்ட வாங்கிக் குடுத்துருங்க, நான் தரையிலயே இருந்துக்கிடுதேன்."

அசையாத சோபா

பாலிசியை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டு ஒரு வரிகூடப் படிக்காமல் இருக்கும் என் சக பாவிகளே, உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானே எட்டாவதோடு நின்றவன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் கற்றேன். என் மனைவி இருந்தவரை சத்தம்போட்டுப் படிப்பேன், அவள் தூங்கிவிடுவாள். இப்போது படிக்கப் படிக்க நானே தூங்கிவிடுகிறேன்.

நனைந்த வீடுகளைப் பார்த்து நஷ்டம் எவ்வளவு என்று எழுத கம்பெனி அனுப்பிய சர்வேயர் சாவந்த் என்ற மராத்திக்காரர். ஊரே நனைந்து கிடந்ததால் மனுஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை. "தாராவி எப்போது சார்?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஸ்கூட்டரின் பின்னால் நான் சுற்றினேன். முதலில் மாதுங்கா. தரைத்தளத்தில் இருக்கும் கணேசன் மாமாவின் சோபா ஊறிப்போய் ஹாலே நாறியது. "எங்க சொசைட்டி பில்டிங்கையே இன்சூர் பண்ணியிருக்கு ஓய்" என்றார் மாமா. அது கட்டடத்துக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் சாமானுக்கு அவரவர் தனியாக எடுக்க வேண்டும் என்றேன். புரியவில்லை என்றார். "மாமா, நாளைக்கே வீட்டைக் காலி பண்றேள்னு வெச்சுக்கோங்கோ. லாரியில ஏத்தறதெல்லாம் சாமான். விட்டுட்டுப் போறதெல்லாம் கட்டடம்."

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ சோபா கட்டடம்தான்! எங்கப்பா வாங்கிப் போட்டது. நான் பொறந்ததிலேர்ந்து அது அந்த எடத்தை விட்டு அசைஞ்சதில்லை. எந்த லாரியிலயும் ஏறாது ஓய், எழுதும்!" சாவந்த் என்ன விஷயம் என்று என்னைப் பார்த்தார். நான் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது: "அப்படியே இவரையும் கட்டடத்துல சேத்துக்கச் சொல்லுங்கோ, இவரும் அதை விட்டு அசைஞ்சதில்லை!"

மேல்வீட்டுச் சீற்றம்

அடுத்து செம்பூர். சரோஜா டீச்சருக்கு மூன்றாம் மாடி. தெருத் தண்ணீர் அங்கே ஏற வழியே இல்லை. ஆனால் டீச்சர் கட்டில் மேல் பக்கெட், டிவி மேல் குடை என்று வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து டொக் டொக்கென்று தண்ணீர். சாவந்த் எப்போதிலிருந்து என்று கேட்டார். ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் டீச்சருக்குப் பொய் வராது. "மேல அந்த அம்மா குடிவந்த நாள்லேர்ந்து. என் பொண்ணு கல்யாணத்துக்கே சொட்டிச்சு. பொண்ணுக்கு இப்ப ரெண்டு குழந்தை" என்றார்.

சாவந்த் பேனாவை மூடிவிட்டார். வெள்ளம் என்றால் வெளியிலிருந்து திடீரென்று வரவேண்டும், நாள்பட்ட கசிவு வீட்டைப் பராமரிக்கிற விஷயம், அதற்குப் பாலிசியில் இடமில்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். இயற்கைச் சீற்றம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் சேராதா என்றார். சேராது டீச்சர் என்றேன். டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். "மேல்வீட்டுக்காரிகிட்ட ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்க, அப்புறம் இயற்கைச் சீற்றமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க!"

சுத்தமான வெள்ளம்

ஒருவழியாகத் தாராவிக்கு வந்தோம். வாசலிலேயே கண்ணில் பட்டது கோலம். உள்ளே சுண்ணாம்பு வாசனை. நான்கு சுவரும் பால் மாதிரி வெள்ளை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு விழுந்த வீட்டுக்கு, செய்கிற முறைப்படி கழுவி, வெள்ளையடித்து, சாம்பிராணியும் போட்டிருந்தார்கள். வெள்ளம் வந்த சுவடே இல்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்று சாவந்த் கேட்டார். அக்கா இடுப்பில் கைவைத்துக் காட்டினாள். சாவந்த் சுவரைத் தடவிப் பார்த்தார். அவர் விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது.

ஃப்ரிட்ஜ்? "பழசு வாங்குற பங்கார்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்." கட்டில்? "அவுக கிடந்த கட்டிலு, வீட்டுல வைக்கக் கூடாதுன்னு குடுத்தாச்சு." மெத்தை, பீரோ? "கச்ரா வண்டியில, குப்பையோட." ஏன் அக்கா, சர்வேயர் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "பதினாறுக்கு வெள்ளையடிக்கலன்னா நாலு பேரு என்ன பேசுவாக? அதுபோக ஆபீசரு வேற வாராரு. அவர அழுக்கு வீட்டுலயா உக்கார வைக்கச் சொல்லுதீக?" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் மனைவிக்குப் பதினாறு முடித்தபோது சுண்ணாம்பு வாளியைத் தூக்கியவன்தான் நானும். முருகன் கட்டிவைத்த பைகளை வாசல் பக்கமாக நகர்த்தினான். சாவந்த் அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு என்னிடம் மெதுவாக இந்தியில் சொன்னார்: "இந்த மழையில் எத்தனையோ வெள்ளம் பார்த்துவிட்டேன் பாய், இவ்வளவு சுத்தமான வெள்ளத்தை இப்போதுதான் பார்க்கிறேன்."

நாத்தனார் பாடிய பட்டியல்

சாவந்த் எழுந்துவிட்டார். எதையும் பார்க்காமல் எதை எழுதுவது? அக்கா அந்தப் பைகளைப் பார்த்தபடி நின்றாள். அப்போது முருகன் தயங்கித் தயங்கி மொபைலை எடுத்தான். அடக்கத்துக்கு ஊரிலிருந்து வந்து சேர முடியாத சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக, சாவு வீட்டை முழுவதுமாக வீடியோ எடுத்து அனுப்பியிருந்தானாம். "இதுல வீடு தெரியும் மாமா. ஆகுமா பாருங்க" என்றான்.

ஆகுமாவா! அண்ணாச்சியைச் சுற்றி உட்கார்ந்து அழுகிற பெண்களின் தலைக்கு மேலே, சுவர் நெடுக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி சேற்றுத் தடம். மூலையில் கவிழ்ந்த ஃப்ரிட்ஜ், ஊதிப்போன பீரோ, குப்புறக் கிடக்கும் வாஷிங் மெஷின். நடுவில் மான்குர்த்திலிருந்து வந்த அண்ணாச்சியின் தங்கை மாரடித்து ஒப்பாரி வைக்கிறாள்:

"ரெண்டு கதவு பிரிட்ஜு வாங்கி
ரெண்டு மாசம் ஆகலையே, என் பொறப்பே!
தேக்கு மரக் கட்டிலெல்லாம்
தெப்பமாப் போயிட்டே, என் பொறப்பே!"

சாவந்த் செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாகக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த அம்மா என்ன சொல்லி அழுகிறார் என்று கேட்டார். சாமான் பட்டியல் சார் என்றேன். அவர் நம்பவில்லை. நான் வரிவரியாக இந்தியில் சொன்னேன். மனுஷன் பேனாவைத் திறந்துவிட்டார்! ஃப்ரிட்ஜ், இரண்டு கதவு, வயது இரண்டு மாதம். பில் உண்டா என்று கேட்டார். அதுவும் முருகனின் மொபைலிலேயே இருந்தது. கட்டில், தேக்கு. அங்கே அக்கா குறுக்கிட்டாள். "தேக்கு எங்க இருந்து வந்துச்சு? அது பிளைவுட்டுய்யா. பாட்டுக்காவ நீட்டியிருக்கா, அத எழுதாதீக" என்றாள். சாவந்த் தேக்கை அடித்துவிட்டு, வீடியோவை இன்னொரு முறை போடச் சொன்னார். இந்தத் தடவை அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கடைசிவரை கேட்டுவிட்டு, அண்ணாச்சி போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். நாங்கள் எல்லோருமே சிரித்தோம். துட்டி கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "வாசிங்மிசின விட்டுட்டாளே, பாவி! நான் கூடமாட அழுதுருந்தா எடுத்துக் குடுத்துருப்பேனே!"

எழுதாத சாமான்

வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. மச்சு ஏணிக்கு அடியில், சேறு அப்பிய பெரிய மாவுக் கிரைண்டர். பங்கார்காரனால் தூக்க முடியாததால் அது மட்டும் வீட்டிலேயே இருந்தது. வீட்டு உபயோகமா என்று சாவந்த் கேட்டார். வீட்டுப் பாலிசியில் வியாபாரச் சாமான் சேராது. அதற்கு வேறு பாலிசி. "நாங்க இருந்தது ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கு அம்புட்டு மாவு எதுக்குய்யா?" என்றாள் அக்கா. சாவந்த் அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினார்.

கிளைம் பாஸானது. பை அவிழ்ந்தது. முருகன் என்னிடம், "நானே காட்டிக் குடுத்துட்டேன் மாமா, இனி ஞாயித்துக்கிழமைதோறும் விக்ரோலிலேர்ந்து நாந்தான் வரணும்" என்று சலித்துக்கொண்டான். வந்துகொண்டும் இருக்கிறான், அவன் குரலில் இருந்த சலிப்பு முகத்தில் இல்லை. கிரைண்டரை வெயிலில் காயப்போட்டு, மோட்டாரைக் கழற்றி ரிப்பேர் கடையில் காயில் திரும்பக் கட்டிக்கொடுத்தார்கள். அது உறுமிக்கொண்டு எழுந்துவிட்டது. அடுத்த மழைக்கு முன்னால் அதற்கும் ஒரு தொழில் பாலிசி போட்டுவிடலாம் என்று நான் காகிதத்தோடு போனேன். அக்கா உளுந்தை அள்ளிப் போட்டபடியே சொன்னாள்: "எழுதினதெல்லாம் போச்சு, எழுதாதது நின்னுக்கிட்டு இருக்கு. அத எழுதிக் கெடுத்துராதீக தம்பி."

ஆக, இத்தனை வருஷமாகப் பொடி எழுத்தைப் படித்துப் படித்து நான் இன்சூர் செய்துகொடுத்த அந்த வீட்டில், அன்றைக்கு நனைந்த சாமான்களில் இன்றைக்கு மிச்சமிருப்பது பாலிசி இல்லாத அந்தக் கிரைண்டர் ஒன்றுதான்.