செமிசி வீட்டுப் பெட்டி

பழைய பிளாஸ்டிக் செடித்தொட்டிகளைக் கழுவுவது கலோலைனின் வேலையே இல்லை. செடிகளைப் பதியம்போடும் கொட்டகைக்கு அவள்தான் மேற்பார்வை. கழுவ வேறு ஆட்கள் உண்டு. இருந்தும் வெள்ளிக்கிழமை மத்தியானம் கையுறையை மாட்டிக்கொண்டு அவளே தண்ணீர்த் தொட்டிக்கு முன் நின்றுவிடுவாள். ஒவ்வொன்றையும் தேய்த்து, கவிழ்த்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். வேரழுகல் இருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் மோந்து பார்ப்பார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

யாரையும் சட்டென்று நம்பாத பிறவி. கடையில் முட்டைப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டாள். புருஷன் உயிரோடு இருந்தபோது அவன் சட்டைப்பையைத் துழாவாமல் துவைத்ததில்லை. "போலீஸ்ல சேர்ந்திருக்கலாம் நீ" என்று அவன் சிரிப்பான். பசிபிக் தீவான டோங்காவிலிருந்து புது மணப்பெண்ணாக வந்தவள், மெல்பர்னுக்குக் கிழக்கே இந்த மலையடிவாரத்துச் செடி நர்சரியிலேயே நரைத்துப்போனாள். அவள் துழாவிப் பார்க்காத ஒரே ஆள் தம்பி செமிசி.

செமிசியை இங்கே வரவழைத்ததே அவள்தான். இப்போது அவன் சர்ச்சில் பெரிய மனிதன். ஊரிலிருந்து சீசனுக்கு ஆள் கூட்டி வருகிறான். தங்க ஒரு வீடு பிடித்துக்கொடுத்து, காலையில் வேனில் கொண்டுவந்து இறக்கி, சாயங்காலம் ஏற்றிப்போவான். நர்சரிக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பேரும் அவன் ஆட்கள்தான்.

போன மாதம் மேனேஜர் ப்ரான்வின் ஒரு வேலையாகக் கொட்டகைக்கு வந்திருந்தாள். நகராட்சிகளுக்குச் செடி கொடுக்கும் கம்பெனி அது. வாங்குகிறவர்கள் இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

"நடைபாதைக் கல்லு இந்தியாவுல இருந்து வருதில்ல, அத யாரு உடைக்கிறாங்க, சின்னப் பசங்களான்னு கேக்குறாங்க கலோ. தென்னைநார் எங்கேருந்து, தொட்டி எங்கேருந்துன்னு ஒண்ணு விடல. அதெல்லாம் விசாரிச்சாச்சு. இனிமே நம்ம கொட்டகைதான். யாரையாவது மிரட்டி வேலை வாங்குறாங்களா, பாஸ்போர்ட்ட பிடுங்கி வச்சிருக்காங்களான்னு ஒவ்வொருத்தரையா தனியாக் கூப்பிட்டுக் கேக்கணும்."

கலோலைன்தான் தடுத்தாள். "எங்க ஆளுங்கள அப்படித் தனியாக் கூப்பிட்டா திருட்டுப் பட்டம் கட்டுறாப்பல இருக்கும். தலைவன் மூலமாக் கேளு. அதான் மரியாதை."

அப்படியே நடந்தது. செமிசி முதலில் ஜெபம் செய்தான். பிறகு ப்ரான்வினின் கேள்விகளை டோங்கா மொழியில் கேட்டான். எல்லோரும் தலை குனிந்து, குறை ஒன்றுமில்லை என்றார்கள். "எவ்வளவு அழகா நடத்திட்டாரு உன் தம்பி!" என்று ப்ரான்வினுக்கு ஒரே திருப்தி. லோசே என்பவள் மட்டும் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கலோலைன் கவனித்தாள். கூச்சம் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

இந்த வெள்ளிக்கிழமை அதே லோசே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதுக்காரி, பதியத்துக்குத் தண்டு ஒடிக்கும் கை காற்றாகப் பறக்கும். இன்றைக்கு அந்தக் கை சும்மா தொங்கியது.

"அக்கா, அம்மா படுத்த படுக்கையாக் கிடக்காங்களாம். வியாழக்கிழமைக்கு என் அண்ணன் டிக்கெட் போட்டுட்டான்."

"போயிட்டு வா. நான் ப்ரான்வின்கிட்ட சொல்றேன்."

"பாஸ்போர்ட் இல்லியே."

"தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா. பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

லோசே வாசலைப் பார்த்தாள். அங்கே செமிசியின் வேன் வந்து நின்றுகொண்டிருந்தது.

"எல்லார்தும் அவருகிட்டதான். வந்த அன்னிக்கே வாங்கிட்டாரு. கேட்டேன், சீசன் முடியட்டும்னாரு. திரும்பக் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அம்மாவுக்காக ஜெபம் பண்ணாரு."

கலோலைன் கையிலிருந்த தொட்டியை மோந்து பார்க்காமலே அடுக்கில் வைத்தாள். ஆராதனை முடிந்ததும் வேன் சர்ச் படிக்கட்டு வரைக்கும் வந்து நிற்பது ஞாபகம் வந்தது. அவன் ஆட்கள் யாரும் மற்றவர்களோடு பேச, டீ குடிக்க நிற்பதில்லை; நேரே ஏறிவிடுவார்கள். ஒழுக்கமான பிள்ளைகள் என்று சர்ச்சே மெச்சியது. அவளும்தான்.

வேன் கிளம்பியதும் ப்ரான்வினின் அறைக்குப் போனாள்.

"திங்கக்கிழமை காலைல எல்லாரையும் திரும்பக் கேளு. ஒவ்வொருத்தரா. செமிசி இருக்கக் கூடாது. நானும் இருக்க மாட்டேன்."

"நீ ஏன்?"

"நான் அவனுக்கு அக்கா."

ப்ரான்வின் பேனாவைக் கீழே வைத்தாள். "என்ன ஆச்சு கலோ?"

"கேட்டாத் தெரிஞ்சிடும். எனக்கும் அப்பத்தான் தெரியணும்" என்றாள் கலோலைன். அதில் பாதி பொய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சேம்பிலையில் ஆட்டுக்கறியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து வேகவைத்ததை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். வழக்கம்போல் பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு. விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்தது கிடையாது. அவர்கள் ஜனத்தில் அது மரியாதை. அக்கா வந்தால் தம்பி எழுந்து போவான். அவள் உட்கார்ந்த இடத்தையோ அவள் பொருளையோ தொடமாட்டான். பேச வேண்டியிருந்தால் நடுவில் யாராவது வேண்டும். இந்த வீட்டில் அது தம்பி மனைவி சூலியா.

"உன் புருஷன்கிட்ட கேளு, லோசேயோட பாஸ்போர்ட் எங்கன்னு."

முன்னறையில் செமிசி டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

சூலியா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "எதுக்கு அண்ணி ஞாயித்துக்கிழமையும் அதுவுமா? அதுங்க தொலைச்சிடும். ஒருத்தி போன வருஷம் வாஷிங் மெஷின்ல போட்டுட்டா, தெரியுமா? இவரு நல்லதுக்குத்தான் வச்சிருக்காரு."

"நல்லதுன்னா கேட்டதும் குடுக்கலாமே."

"குடுத்தா ஓடிடும். பழத்தோட்டத்துல அம்பது காசு கூடக் குடுக்குறான்னு போயிடும். அப்புறம் உங்க கம்பெனி இவரத்தான பிடிக்கும்?"

"அப்ப தொலைச்சிடும்னு இல்ல, ஓடிடும்னுதான் வச்சிருக்கான்."

"எங்க இருக்கு?" என்று கலோலைன் கேட்டபோது, தெரியாது என்று சொன்ன சூலியாவின் கண் முன்னறைப் பக்கம் போய்த் திரும்பியது.

முன்னறைச் சுவரோரம் அம்மா கொடுத்த மரப்பெட்டி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடுக்கும் பாய்களை மடித்து வைப்பது அதில்தான். மேலே பைபிள். முன்பக்கம் புத்தம் புதுப் பூட்டு.

"பாய் வைக்கிற பெட்டிக்குப் பூட்டு எதுக்கு சூலியா? எலி சாவி போட்டா திறக்குது?"

அண்ணியின் கிண்டலுக்குச் சூலியா சிரிக்கவில்லை. கலோலைன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குள் நடந்தாள். "அண்ணி, அவரு உள்ள இருக்காரு!" என்று சூலியா பின்னாலிருந்து பதறினாள். செமிசி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். கலோலைன் பைபிளை எடுத்து டிவி பக்கத்தில் வைத்தாள். பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

இத்தனை கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம். அப்பாவின் காது. கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாவி.

"நாளைக்குக் காலைல ப்ரான்வின் எல்லாரையும் தனித்தனியாக் கேக்கப் போறா. நான்தான் சொன்னேன். லோசேவுக்கு வியாழக்கிழமை ப்ளைட்." பூட்டை விரலால் தட்டினாள். "நீ சாவியக் குடுக்குற வரைக்கும் நான் இதவிட்டு எந்திரிக்க மாட்டேன். நான் உக்காந்திருக்கற பெட்டிய நீ தொடவும் மாட்ட. இதுல எத்தன பேரோடது இருக்கு, செமிசி?"

அவன் கை சங்கிலிவரை போயிற்று. அங்கேயே நின்றது. அக்கா உட்கார்ந்திருக்கும் அறையில் நிற்கக் கூடாது என்பது அவனுக்கு அம்மா சொல்லிக்கொடுத்தது. சட்டைக் காலருக்குள் சங்கிலியைத் தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான். கலோலைன் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை.